காய்ச்சல் போயிடுச்சு, வாசனை வரலையே: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் எனக்கும் வந்தது. நாலாம் நாள் காலை காபி ஃபில்டரைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது, வாசனை இல்லை. மூக்கு அடைக்கவும் இல்லை. அது ஓரளவு திரும்பி வர ஒன்றரை வருடம் பிடித்தது. கடையில் ஒருவரிடம் இதைச் சொல்லப் போக, "அண்ணே, எனக்கும் அப்படித்தான்" என்று வருகிறவர்கள் இன்றுவரை நிற்கவில்லை. கேட்கிற சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். கல்லாவில் நின்றபடி திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். எதற்கெல்லாம் டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

சளி போய் ஒரு மாசம் ஆச்சு, மூச்சு நல்லா போகுது. ஆனா வாசனை மட்டும் தெரியலையே, ஏன்?

சாதாரணச் சளியில் வாசனை போவது கதவு சாத்தியிருப்பது மாதிரி. காற்று மேலே ஏறாது, சளி இறங்கியதும் சரியாகிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது வேறு. மூக்கின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ளுக்குள், தபால் தலை அளவுக்கு ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வாசனையைப் பிடிக்கும் நரம்புச் செல்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடை மாதிரி துளையுள்ள ஒரு எலும்பு வழியாக நேரே மூளைக்குப் போகின்றன. வைரஸ் காயப்படுத்தியது அந்த இடத்தை.

கொரோனா விஷயத்தில் 2020இல் ஒன்று தெரிய வந்தது. அந்த வைரஸ் உள்ளே நுழையப் பயன்படுத்தும் ஏஸ்-2 என்ற வாசல் நரம்புச் செல்களில் அநேகமாக இல்லை. பக்கத்தில் நின்று அவற்றைத் தாங்கும் துணைச் செல்களில்தான் இருக்கிறது. பந்தல் காலைச் சாய்த்தால் கொடி தானே கீழே வருவது போல, துணைச் செல் விழுந்ததும் நரம்புச் செல் முடங்குகிறது. ஆனால் இந்த நரம்புச் செல்களுக்கு ஒரு தனி வரம் உண்டு. உடம்பின் மற்ற பல நரம்புகள் போல இல்லாமல், இவை வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கும். குணமாகும் என்று நம்பிக்கையோடு சொல்ல முடிவது அதனால்தான். மெதுவாகத்தான் ஆகும் என்பதற்கும் காரணம் அதுவே.

இது கொரோனாவுக்கு மட்டும் வர்றதா? எனக்கு டெஸ்ட்ல நெகட்டிவ்னு வந்துச்சே.

இல்லை. சாதாரண ஜலதோஷ வைரஸ், ஃப்ளூ எல்லாவற்றுக்குப் பிறகும் இப்படி ஆவது காது மூக்கு தொண்டை டாக்டர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த விஷயம். கொரோனாவில் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான பேருக்கு வந்ததால் ஊருக்கே தெரிந்தது, அவ்வளவுதான். 2020 ஜூனில் நம் மத்திய சுகாதார அமைச்சகம் இதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது. ஒமைக்ரானில் வாசனை இழப்பு முன்பைவிடக் குறைந்தது, ஆனால் நின்றுவிடவில்லை.

நாக்குல ருசியே இல்லைங்க. நாக்கும் போயிடுச்சா?

அநேகமாக இல்லை. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கொஞ்சம் சர்க்கரை, உப்பு, புளி, வெந்தயம் ஆகியவற்றைத் தனித்தனியாக நாக்கில் வையுங்கள். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு நான்கும் தெரிந்தால் நாக்கு வேலை செய்கிறது.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்குடையது. மெல்லும்போது வாசனை தொண்டையின் பின்பக்கமாக மேலேறி நான் முன்னால் சொன்ன சவ்வை அடைகிறது. நன்றாக இருக்கிற ஒருவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் மிட்டாயை வாயில் போடச் சொல்லுங்கள். வெறும் இனிப்புதான் தெரியும். விரலை எடுத்த நொடியில் ஏலக்காய் வந்து நிற்கும். உங்களுக்கு இல்லாமல் போனது அந்த இரண்டாவது பாதி. சாம்பாரும் ரசமும் வெறும் உப்புப் புளித் தண்ணீராகத் தெரிவது அதனால்தான்.

மிளகாய்க் காரம் மட்டும் சுள்ளுனு தெரியுதே, அது எப்படி?

காரம் ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. அது எரிச்சல். முகத்துக்கான தொடு உணர்வு நரம்பு ஒன்று அதைக் கவனித்துக்கொள்கிறது. வெங்காயம் நறுக்கினால் கண் கரிப்பது, தைலத்தின் குளிர்ச்சி, கடுகின் நெடி மூக்கில் ஏறுவது எல்லாம் அந்த நரம்பின் வேலை. அது தனி வழி, அதனால் தப்பிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தைலம் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

எத்தனை நாள்ல திரும்பி வரும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

உங்களுக்கு இன்ன தேதி என்று யாராலும் சொல்ல முடியாது. பொதுக் கணக்கு இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த கட்டுரைப்படி, கொரோனாவில் வாசனை போனவர்களில் ஒரு மாதத்தில் சுமார் 74 சதவீதம் பேருக்கும், மூன்று மாதத்தில் 90 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்தில் 96 சதவீதம் பேருக்கும் திரும்பியது. பெண்களுக்குக் குணமாகும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு என்றும் அதில் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் "உங்களுக்குச் சரியாகிவிட்டதா?" என்று கேட்டு வாங்கிய பதில்கள். முக்கால்வாசி வந்ததும் நாமே முழுசாக வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். மீதமுள்ள சில சதவீதத்தைச் சின்ன எண் என்று தள்ளிவிடவும் முடியாது. நம் நாட்டு மக்கள்தொகையில் அது பல லட்சம் பேர். நானும் அதில் ஒருவன்.

வாசனை வந்துச்சு, ஆனா தப்பா வருது. காபி குடிச்சா டயர் எரியுற வாடை. எனக்கு என்ன ஆச்சு?

இதற்குப் பரோஸ்மியா என்று பெயர். பெரும்பாலும் நோய் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, "அப்பாடா, வாசனை வருகிறது" என்று சந்தோஷப்படுகிற நேரத்தில் தொடங்கும். நம் மூக்கின் நரம்புச் செல்களில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன. ஒரு பொருளின் வாசனை என்பது ஒரே ஏற்பி சொல்லும் சேதி இல்லை, பல ஏற்பிகள் சேர்ந்து எழுதும் ஒரு வார்த்தை. புதிதாக முளைத்த நரம்புகள் அரைகுறையாக இருக்கும்போது அந்த வார்த்தையில் பாதி எழுத்துதான் மூளைக்குப் போகிறது. மூளை அதைக் கெட்ட வாடை என்று படித்துக்கொள்கிறது. சிலருக்கு அழுகல், சிலருக்கு ரசாயனம், சிலருக்குக் காபியும் கழிப்பறையும் ஒரே வாடை.

இது நரம்பு மறுபடி இணைகிறது என்பதற்கு அடையாளம் என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன், ஆனால் உத்தரவாதம் இல்லை. பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். ஒரே சொல் எப்படி நேர் எதிராகத் திரும்பும் என்பது எனக்கு இது இருந்த ஏழெட்டு மாதத்தில் நன்றாகப் புரிந்தது.

ஏன் காபி, வெங்காயம், முட்டை, சிக்கன்னு குறிப்பா சிலதுதான் நாறுது? பழம் ஒண்ணும் பண்ணலையே.

நீங்கள் சொன்ன பட்டியலைத்தான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். கூடப் பூண்டு, வறுத்த கடலை, பற்பசை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் காபி வாசனையைக் கூறு கூறாகப் பிரித்து, பரோஸ்மியா உள்ளவர்களை முகரச் செய்து பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. அதிகம் பேரைப் புரட்டிப் போட்டது கந்தகம் உள்ள ஒரு சேர்மம். நல்ல மூக்குக்குக் காபியின் கமகம வாசனையைத் தருவதே அதுதான்! மிக மிகச் சின்ன அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும் பொருள் அது. முதலில் விழித்துக்கொண்ட கொஞ்ச நரம்புகளுக்கும் அது எட்டிவிடுகிறது.

வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் இந்த வகைச் சேர்மங்கள் நிறைய உண்டாகின்றன. வெங்காயம், பூண்டு, பெருங்காயம், முட்டை இவற்றிலும் கந்தகம் உண்டு. நம் சமையல் தாளிப்பிலேயே தொடங்குகிறது, என்ன செய்வது.

அப்போ நான் என்னதான் சாப்பிடுறது? ஆறு கிலோ குறைஞ்சுட்டேன்.

முதலில், ஆறு கிலோ குறைந்திருந்தால் டாக்டரைப் பாருங்கள். அது அசட்டையாக விடக்கூடிய அளவு இல்லை.

சாப்பாட்டில் எனக்கு உதவியது சூடு குறைத்ததுதான். ஆறிய உணவிலிருந்து வாசனை குறைவாகவே எழும்பும். தயிர்சாதம், இட்லி, இடியாப்பம், ஆப்பம், வெள்ளரி, மாதுளை, இளநீர் எல்லாம் சிக்கலில்லாமல் இறங்கின. அப்புறம் ஒரு நாள் என் அம்மா, "விரதச் சமையல் செய்யட்டுமா?" என்று கேட்டார். வெங்காயம் பூண்டு இல்லாத கூட்டு, பருப்பு, தேங்காய்த் துவையல். பெருங்காயத்தையும் விட்டுவிட்டார். நான்கு மாதத்தில் முதல்முறையாக இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். வாசனை தராத இன்பத்தை மற்றதில் தேடுங்கள்: மொறுமொறுப்பு, புளிப்பு, காரம். ஆனால் ருசி தெரியவில்லை என்று உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போடாதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. வீட்டில் சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்தால் அந்த நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். சமைப்பதே நீங்கள்தான் என்றால், கொஞ்ச நாளைக்குத் தாளிப்பையாவது வேறொருவர் கையில் கொடுங்கள்.

வாசனைப் பயிற்சின்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹும்மல் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் முகர வேண்டும். அவர்கள் 12 வாரம் செய்தார்கள்; அதைவிட நீட்டினால் நல்லது. நான்கும் நம் ஊரில் கிடைப்பவைதான்: பன்னீர் ரோஜா அல்லது ரோஜா அத்தர், எலுமிச்சைத் தோல், இடித்த கிராம்பு, நீலகிரித் தைலம். எண்ணெய் என்றால் இரண்டு சொட்டைப் பஞ்சில் விட்டு, மூடியுள்ள சின்னப் புட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றையும் 20 வினாடி மெதுவாக, முயல் மாதிரி குட்டிக் குட்டியாக முகருங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தது.

ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த வாசனையை நினைவில் கொண்டுவர முயற்சி செய்யுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்தால் பிரயோஜனம் இல்லை. மூன்று மாதம் கழித்து ஏலக்காய், வெட்டிவேர், மல்லிகை, சந்தனம் என்று மாற்றலாம். பரோஸ்மியா உள்ளவர்கள், குமட்டுகிற வாசனையை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். குணமாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது, கெடுதல் இல்லை, செலவும் நூறு இருநூறுதான். கடைக்காரன் நானே சொல்கிறேன், இதற்கு மேல் செலவழிக்க அவசரப்படாதீர்கள்.

நீலகிரித் தைலம் நல்லாத் தெரியுதுங்க. அப்போ மூக்கு சரியாயிடுச்சுதானே?

மேலே காரம் பற்றிச் சொன்னதைப் பாருங்கள். தைலத்தில் தெரிவது வாசனையா, வெறும் குளிர்ச்சியா? மூக்குக்குள் ஜில்லென்று ஏறுவது மட்டும் தெரிந்தால் அது தொடு நரம்பு. கற்பூரம், தலைவலித் தைலம், ஃபினாயில் நெடி எல்லாம் இப்படி ஏமாற்றும். சோதிக்க வேண்டுமென்றால் ரோஜாவிலோ காபித்தூளிலோ சோதியுங்கள். ஒருவர் கண்ணை மூடச் சொல்லி எதையாவது நீட்டினால் இன்னும் நல்லது, பார்த்துவிட்டால் மூளை தானே வாசனையைக் கற்பனை செய்துகொள்ளும்.

தைலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கொஞ்சம் குடித்தாலே விஷம்.

ஜிங்க் மாத்திரை குடுங்க. இல்ல ஸ்டீராய்டு ஏதாவது இருக்கா?

ஜிங்க் சாப்பிட்டால் வாசனை வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மாதக்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பில் தாமிரம் குறையும். மூக்கில் போடும் ஜிங்க் ஜெல் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பொருளால் வாசனை போய்விட்டது என்று 130க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து, 2009இல் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மக்களை எச்சரித்தது. ஜலதோஷத்துக்குப் போட்டது மூக்கையே கெடுத்தது.

ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் நான் தர மாட்டேன், நீங்களும் எங்கும் வாங்காதீர்கள். வைரஸுக்குப் பின் வரும் இந்தப் பிரச்சினைக்கு அது உதவுகிறது என்பது உறுதியாகவில்லை. 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் எப்படிப் பரவியது என்று ஞாபகம் இருக்கிறதா? கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் கணக்கில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் புகுந்தது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, அலர்ஜியோ சைனஸ் வீக்கமோ கூட இருந்தால் உதவும். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆவி பிடிச்சா? மூக்குல நல்லெண்ணெய் விட்டா?

ஆவி அடைப்பைத் தளர்த்தும், காயப்பட்ட நரம்பை வளர்க்காது. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோனவர்களுக்குக் களிம்பு கொடுத்தே எனக்குப் பயமாகிவிட்டது. தினமும் எண்ணெய் விடுவதில் வேறு அபாயம் உண்டு: சிறுகச் சிறுக நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். மூக்கு வறண்டிருந்தால் உப்புநீர் ஸ்பிரே போதும்.

கேஸ் லீக் ஆனா எனக்குத் தெரியாதே. பயமா இருக்கு.

இந்தப் பயம் நியாயமானது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சமையல் வாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டான் என்ற கந்தகப் பொருளைச் சேர்க்கிறார்கள். உங்களுக்கு அது தெரியாமல் போகலாம், அல்லது பரோஸ்மியாவில் வேறு ஏதோவாகத் தெரியலாம். ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயைத் தேதி பார்த்து மாற்றுங்கள். கேஸ் கசிவு அலாரம் ஒன்று வாங்கி வையுங்கள். சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும், அதனால் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் உயரத்தில் மாட்டிவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்கு அழையுங்கள்.

சாப்பாடு கெட்டதும் தெரியாது. மாவு புளித்தது நாக்குக்குத் தெரியும். பழைய குழம்பும் சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயும் தெரியாது. டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள், சந்தேகமானால் வீட்டில் ஒருவரை முகரச் சொல்லுங்கள்.

எதுவுமே இல்லாத இடத்துல திடீர்னு புகை வாடை வருது. வீட்ல யாருக்கும் தெரியல.

பரோஸ்மியாவில் ஒரு பொருள் இருக்கும், அது தப்பாகத் தெரியும். இதில் பொருளே இருக்காது. ஃபேன்டோஸ்மியா என்பார்கள். வைரஸுக்குப் பின் இதுவும் வரும், பெரும்பாலும் தானே மங்கிப்போகும். இருந்தாலும் முதல் தடவை வந்தால் அடுப்பையும் மின்கம்பியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், நிஜமாகவே எரியலாம்.

அந்த வாடை சில வினாடி மட்டும், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்து, கூடவே நினைவு தடுமாறுவது, வெறித்துப் பார்ப்பது, "இது முன்பே நடந்ததே" என்ற உணர்வு வந்தால் நரம்பியல் டாக்டரிடம் போங்கள். ஒருவகை வலிப்பு இப்படித்தான் தலைகாட்டும்.

மாமியார் நான் நடிக்கிறேன்னு சொல்றாங்க. சமையலுக்குப் பயந்து சாக்கு சொல்றேனாம்.

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் கல்லா முன்னாலேயே அழுதுவிட்டார். காலில் கட்டு இருந்தால் ஊர் நம்பும், மூக்குக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள். அவரிடம் சொன்னதையே சொல்கிறேன்: மாமியாரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடச் சொல்லுங்கள், மேலே சொன்ன மிட்டாய்ச் சோதனையிலிருந்து தொடங்கலாம். அல்லது டாக்டரிடம் கூடவே அழைத்துப் போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் பாதி பிரச்சினை தீரும்.

மனசு சோர்ந்துபோவது இதில் சகஜம். பிள்ளையின் தலை வாசனை, கோயில் சந்தனம், மழை மண் எதுவும் இல்லாமல் போவது சின்ன இழப்பு இல்லை. என் மேல் வியர்வை நாறுகிறதோ என்று தினம் மூன்று முறை குளித்தவன் நான். எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், அதற்கும் டாக்டர் இருக்கிறார்.

பையனுக்கு ஏழு வயசு. காய்ச்சலுக்கு அப்புறம் எது குடுத்தாலும் துப்புறான். இதுவா இருக்குமா?

இருக்கலாம். "வாசனை மாறிவிட்டது" என்று அந்த வயதில் சொல்லத் தெரியாது, தட்டைத் தள்ளத்தான் தெரியும். அடித்து ஊட்டாதீர்கள். முன்பு விரும்பிச் சாப்பிட்ட முட்டையும் சிக்கனும்தான் இப்போது வெறுப்பா என்று கவனித்து, குழந்தைகள் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

வாசனை போனா பார்க்கின்சன் வரும்னு படிச்சேன். ஸ்கேன் எடுக்கணுமா?

பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் வாசனை குறைவது முன்கூட்டியே தெரியும் ஓர் அறிகுறி, உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் குறையும். பலருக்குக் குறைந்ததே தெரியாது. காய்ச்சலோடு சேர்ந்து ஒரே வாரத்தில் போனது வேறு கதை.

காய்ச்சலே வராமல் வாசனை போனது, ஒரு பக்க மூக்கில் மட்டும் போனது, கூடவே ரத்தம் வருவது, ஓயாத தலைவலி, பார்வைக் கோளாறு, தலையில் அடிபட்ட பின் போனது ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். இவை இல்லாவிட்டாலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஒருமுறை காட்டுவது நல்லது. மூக்கினுள் சதை வளர்ந்திருந்தால் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

மூணு வருஷம் ஆச்சுண்ணே. இனிமே வராதுன்னு முடிவு பண்ணிடலாமா?

முதல் வருடத்தில் கிடைக்கும் முன்னேற்றம்தான் பெரிது. அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தவர்களும் இருக்கிறார்கள். பயிற்சியை ஒழுங்காக ஆறு மாதம் செய்தீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுப் பார்த்ததில் பத்து நாளில் விட்டவர்கள்தான் அதிகம். ரத்தத்திலிருந்து எடுத்த தட்டணுவை மூக்கில் ஊசியாகப் போடுவது போன்ற சிகிச்சைகள் ஆய்வில் இருக்கின்றன. கட்டாயம் குணமாகும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கேஸ் அலாரத்தை மட்டும் கழற்றாதீர்கள்.

உங்களுக்கு முழுசா வந்துடுச்சா?

காபி வந்துவிட்டது. 2022 நவம்பரில் ஒரு நாள் காலை, யோசிக்காமலே இரண்டாவது டம்ளர் கேட்டேன், மனைவிதான் முதலில் கவனித்தாள். மல்லிகை வந்தது, ஆனால் பழைய மல்லிகை இல்லை, கொஞ்சம் சோப்பு கலந்த மாதிரி. வெங்காயப் பக்கோடா இன்னும் லேசாக ரப்பர் வாடை அடிக்கிறது. மழை நாளில் அவள் போடுவாள், நானும் சாப்பிடுவேன், நாலைந்து.